ஒன்றரை விநாடிக் குலவை

மீரா உசேன் பாய் பேனாக்கத்தியால் அட்டைப்பெட்டியின் சீல் டேப்பைக் கீறினார். தெர்மோகோலைப் பிரித்தார். பாலித்தீன் உறையை உருவி, புது மாடல் கீபோர்டை மேசைமேல் பழைய மாடலுக்குப் பக்கத்தில் வைத்து, அடாப்டரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அது எரிய வேண்டியதுதான். பக்கத்திலிருந்த சிவப்பு விளக்கும் எரிந்தது. அது எரியக் கூடாது.

சிவப்பு எரிந்தால் உள்ளே ஒரு குரல் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய மாடலிலும் அப்படித்தான். மைக்கில் எதைப் பேசினாலும், பாடினாலும், இருமினாலும் பெட்டி அதை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்த ஒலியே அந்தக் கட்டையின் சுருதியில் வரும். ஒரே ஒரு ஒலிக்குத்தான் உள்ளே இடம். இன்னொன்றைப் பதிந்தால் முதலாவது அழிந்துபோகும். சிங்கப்பூரிலிருந்து சீல் உடையாமல் வந்த பெட்டிக்குள் யாருடைய குரல் இருக்க முடியும்?

"பாய், நீங்க ஏதும் பேசிப் பாத்தீங்களா இதுல?" என்றான் இராஜாங்கம்.

"நானா? சீலை இப்பத்தானே தம்பி உங்க கண்ணு முன்னால கிழிச்சேன். நாகூர் எஜமான் மேல ஆணையா, கஸ்டம்ஸ்காரன்கூடத் தொடலை. அவன் தொறந்து பாத்தது என் பிஸ்கட் டின்னை."

"அப்ப லைட்டு ஏன் எரியுது?"

"புதுசுல்ல, ஆசையா எரியுது. எரியட்டும் விடுங்க." பாய் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். நாகூரில் கடை வைத்திருந்தவர் அவர். மாயவரத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில் மேடை ஏறும் கீபோர்டுகளில் பாதி அவர் கையால் வந்தவை. "இன்னிக்கு ஒரு நாள் ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒத்துப் பாருங்க. நாளைக்குக் காலையில வரேன். புதுசு உங்களுக்கு, பழசு எனக்கு."

"அந்தக் குலவைய மட்டும் வயர் போட்டு இதுல ஏத்திக்கிட்டுத் தந்துடறேன் பாய்."

"பின்ன? அது இல்லேன்னா உங்களை யாருக்குத் தெரியும்? போஸ்டர்லயே குலவை இராஜாங்கம்னுதானே போடுறானுவ."

மழைக்கு முன் போய்விட வேண்டும் என்று அவர் வண்டியைக் கிளப்பினார். அந்தச் சத்தம் தேய்வதற்குள் அம்சவல்லி பட்டுப்புடவையும் தட்டுமாக வாசலுக்கு வந்துவிட்டாள். மேலத்தெருவில் மங்களாம்பிகைக்கு வளைகாப்பு.

"வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடறேன். அந்தக் குலவைய நான் இல்லாதப்பவே அடிச்சு முடிச்சுக்குங்க."

"ஊரே கைதட்டுது, உனக்கு மட்டும் என்னடி?"

"கைதட்டுறவங்க வீட்டுக்குள்ளயா அது இருக்கு? யாரோ பேச வாயைத் தொறந்ததும் கையை வச்சுப் பொத்துன மாதிரி இருக்குங்க அது." குடையை விரித்துக்கொண்டே சொன்னாள். கல்யாணமாகி இரண்டு வருஷந்தான் ஆகிறது. அந்தக் குலவை யாருடையது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

இராஜாங்கம் கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு வந்தான். நீள நோட்டில் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் பழசு என்றும் வலப்பக்கம் புதுசு என்றும் எழுதினான். எதையும் வரிசையாகச் செய்கிற ஆள் அவன். நாளை மறுநாள் தஞ்சாவூரில் கட்சி மாநாடு. தலைவர்கள் மேடைக்கு வரும்வரை கூட்டத்தைக் கட்டிப்போடுவது இராஜாங்கத்தின் குழுதான். சித்தப்பா நல்லக்கண்ணு ஒன்றியச் செயலாளர். அடுத்த தேர்தலில் சீட்டு அவருக்கா இல்லையா என்பது அந்த மேடைக்குக் கீழே நடக்கப்போகும் பேச்சில் இருந்தது. "குலவையில ஆரம்பிடா. ஜனம் எந்திரிச்சு நிக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பழைய மாடலோ மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. இரண்டு கட்டைகள் பேசவில்லை. இன்றைக்குள் குலவை புதுசுக்கு மாறியாக வேண்டும்.

சன்னலுக்கு வெளியே குடும்பத்துக்குச் சொந்தமான அரை வேலி நிலம். அதன் தென்மூலையை மேடாக்கித்தான் இந்த வீட்டைக் கட்டியிருந்தான். ஐப்பசி நடவு நேற்று முடிந்திருந்தது. வெளியூர்ப் பெண்கள் வந்து நட்டார்கள். சேற்றில் முதல் நாற்றுமுடியைப் பிரித்தபோது யாரும் குலவை விடவில்லை. நான்கு வருஷமாக இந்த வயலில் யாரும் விடுவதில்லை.

முதலில் பியானோ. பழசில் தகரடப்பாவைத் தட்டியது போலிருந்த ஒலி புதுசில் உருண்டு வந்தது. எழுதிக்கொண்டான். பிறகு வயலின். பழசில் கொசு. புதுசில் வில்லின் மயிர் கம்பியில் இழுபடும் சொரசொரப்புக்கூடக் கேட்டது. புல்லாங்குழலுக்கு வந்தபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. பழசில் வெறும் விசில். புதுசில் ஊதுகிறவன் மூச்சிழுக்கும் சத்தம், உதடு ஈரம், எல்லாம் இருந்தன. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுச் சார்ப்பில் அது விழும் ஓசையும், புதுச் சேற்றின் புளித்த வாடையும், வாய்க்காலில் தண்ணீர் ஏறும் இரைச்சலும் அறைக்குள் வந்தன. நாலரை மணிக்கே பொழுது சாய்ந்ததுபோல் வெளிச்சம் மங்கியது. இருபத்திரண்டு ஒலிகளை ஒப்பிட்டு முடித்தான். எல்லாவற்றிலும் புதுசே மேல். மிச்சமிருந்தது சிவப்பு விளக்கு மட்டும்.

பழசை முதலில் அழுத்தினான். ஐந்தரை, கறுப்புக் கட்டை. குலவை எழுந்தது. நாக்கு மேலண்ணத்தில் சுழலும் அந்தப் பளீரென்ற பெண்குரல், ஒன்றரை விநாடி, பிறகு வெட்டி எறிந்ததுபோல் நின்றது. அவ்வளவுதான் பழசின் கொள்ளளவு.

நீலாம்பாளின் குரல். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நடவன்று, பேட்டரி போட்ட இந்தப் பெட்டியை வரப்புக்கே தூக்கிக்கொண்டு போய் மைக்கை நீட்டினான். முழங்கால் சேற்றில் நின்றபடி அவள் விட்டாள். கட்டையை அழுத்தித் தன் குரலைத் திரும்பக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "என் வாயைப் புடுங்கிப் பொட்டிக்குள்ள போட்டுக்கிட்டீங்களேய்யா! ஆனா பாதியில நிக்குதே. மூணு தரம் முழுசா விடணும்யா. பாதியில விட்டா எங்க தெருவுல ஒத்துக்க மாட்டாங்க." பக்கத்தில் அவள் புருஷன் வீரையன் நாற்றுமுடியோடு நின்று சிரித்தான். அந்த அரை வேலிக்குக் குத்தகைதாரன் என்று பதிவேட்டில் பெயர் இருந்தது அவனுக்குத்தான். அந்த மாசியில் பாம்பு கடித்து அவன் செத்தான்.

இராஜாங்கம் புதுசின் அதே கட்டையில் விரலை வைத்தான். அழுத்தினான்.

குலவை.

அதே குலவை. கைதவறி எழுதுகோலைக் கீழே போட்டான். ஒன்றரை விநாடி கடந்தது. வெட்டுப்படவில்லை. குரல் சரிந்து, அடங்கி, முடிந்தது. முடிந்தபின் ஒரு மூச்சு. அடுத்ததற்காகக் காற்றை உள்ளே இழுக்கும் மூச்சு.

கட்டையிலிருந்து கையை எடுத்தான். வயர் எதையும் அவன் இன்னும் மாட்டவில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஒரு சாண் மேசைப்பலகைதான் இருந்தது.

குனிந்து எழுதுகோலை எடுத்தான். எழுதினால் அது கணக்குக்குள் வந்துவிடும் என்று தோன்றியது. பழசு: ஒன்றரை விநாடி, பாதி. புதுசு: மூன்று விநாடி, முழுசு. கூடுதலாக மூச்சு. தன் கையெழுத்து கோணுவதைப் பார்த்துக்கொண்டே எழுதினான். பாயின் வேலையாகத்தான் இருக்கும். ஏதாவது மேடையில் டேப்பில் பிடித்து ஏற்றியிருப்பார். ஆனால் மேடையில் ஒலித்தது ஒன்றரை விநாடிதான். மீதியை யாரிடமிருந்து பிடிப்பார்?

மறுபடி அழுத்தினான்.

இரண்டாவது குலவை. முதலாவதைவிட உரக்க. அதன் அடியில் வேறு சத்தங்கள் இருந்தன. சேற்றிலிருந்து கால் உருவும் சத்தம். கண்ணாடி வளையல்கள். மழைக்கு முந்திய காற்று. புது மாடல் எவ்வளவு துல்லியம் என்று மனசில் ஒரு மூலை வியந்தது. இன்னொரு மூலை எழுந்து ஓடச் சொன்னது. குலவை முடிந்ததும் தூரத்தில், வெகு தூரத்தில், இன்னொரு குலவை கேட்டது. ஒலிபெருக்கியின் தகரக் கூம்பு வழியாக வருகிற குரல். ஒன்றரை விநாடி. வெட்டு. மறுபடி ஒன்றரை விநாடி. வெட்டு.

இராஜாங்கம் கட்டையிலிருந்து கையை உருவிக்கொண்டான். அந்தக் கூம்பைக் கட்டியவன் அவன்தான்.

வீரையன் செத்தபிறகு அவன் பொண்டாட்டி தொடர்ந்து பயிர் வைக்கலாம் என்று சட்டம் சொன்னது. சித்தப்பா வேறு சொன்னார். திங்கட்கிழமை கோர்ட் அமீனா நிலத்தைப் பார்வையிட வரும்போது வயலில் தங்கள் உழவு இருக்க வேண்டும், அவள் நடவு இருக்கக் கூடாது, அரை மணி நேரம் போதும். ஆனால் தெருச்சனம் நீலாம்பாளோடு ஒரு பேச்சு வைத்திருந்தது. ஆபத்து என்றால் அவள் வயலிலிருந்து மூன்று குலவை விடுவாள், எல்லோரும் ஓடி வருவார்கள். "உன் பொட்டியில அவ குலவை இருக்குல்ல?" என்று கேட்டார் சித்தப்பா. ஊரின் அடுத்த கோடியில், வடக்கு மதகடியில், இராஜாங்கம் மூங்கில் புதருக்குள் கூம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். குலவை கேட்டு, கம்பும் அரிவாளுமாய் ஜனம் மதகுக்கு ஓடியது. தெற்கே டிராக்டர் வயலில் இறங்கியது.

அப்போது வயலிலிருந்து உண்மைக் குலவை எழுந்தது. கூட்டம் குழம்பி நின்றது. எது அவள் குரல்? அந்த ஊரிலேயே இரண்டையும் பிரித்தறியத் தெரிந்த ஒரே காது இராஜாங்கத்தினுடையது. ஒன்று முழுசு, மற்றது பாதி. புதருக்குள் இருந்தபடி அவன் ஒப்பிட்டான். பிறகு ஒலியின் திருகை முழுசாகத் திருப்பி, கட்டையை மறுபடி மறுபடி அழுத்தி, அவளுடைய குரலாலேயே அவளை மூழ்கடித்தான்.

டிராக்டர் முன்னால் தவறி விழுந்து செத்தாள் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். ஆட்சி மாறியது. எழுதியது மாறவில்லை. ஒரு வருஷம் பொறுத்து மேடையில் அவன் அந்தக் குலவையை முதல்முறை வாசித்தபோது, கூட்டத்திலிருந்து நீலாம்பாளின் தங்கை காளியம்மாள் எழுந்து மேடைக்குக் கீழே வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "அன்னிக்கு மதகடியில கூப்பிட்டது இதுதானா?" என்றாள். பிறகு, "பாதியில வச்சிருக்கியேடா. எங்கக்கா பாதியில விட மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கரண்ட் போயிற்று.

மின்விசிறி சுற்றி நின்றது. பழசின் சிவப்பு விளக்கு எரிந்தது. அதில் பேட்டரி உண்டு. ஐந்து வருஷமாக அதை அவன் சாக விட்டதே இல்லை. பேட்டரி மாற்றும்போதுகூட அடாப்டரில் வைத்துத்தான் மாற்றுவான். குரல் அழிந்துவிடக் கூடாதே. புதுசின் பச்சை விளக்கு அணைந்தது.

சிவப்பு அணையவில்லை.

புதுசுக்கு அவன் இன்னும் பேட்டரி போடவே இல்லை. பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தான். கனத்தது. வந்தபோது இருந்ததைவிடக் கனத்தது. பேட்டரி மூடியைத் திறந்தான். காலிதான். சுருள்கம்பிகளுக்கு இடையிலிருந்து ஏதோ வழிந்து அவன் உள்ளங்கையில் சொட்டியது. முகர்ந்தான்.

சேறு. உழுத சேறு. அதில் பச்சை நாற்றின் ஒரு துண்டு.

பெட்டியை மேசைமேல் போட்டுவிட்டுப் பின்வாங்கினான். அவன் தொடாமலே கறுப்புக் கட்டை கீழே இறங்கியது.

மூன்றாவது குலவை. அறை முழுக்க. டிராக்டரின் உறுமல் அதற்குள் ஏறியது. சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம், கேஜ்வீல், சளக் சளக்கென்று சேற்றை வெட்டிக்கொண்டு நெருங்கும் ஓசை. குலவை நிற்கவில்லை. சக்கரம் நெருங்க நெருங்க நிற்கவில்லை. ஓடலாம் அவள். ஓடவில்லை. ஜனம் வரும் என்று நின்றாள். குலவை உடைந்து கத்தலாயிற்று. கத்தல் குழகுழத்தது. வாய்க்குள் ஏதோ போய் அடைத்தது.

பிறகு சக்கரம் மட்டும்.

பிறகு அதுவும் இல்லை. மழை. பெட்டிக்குள் மழை, வெளியே மழை. கட்டை இன்னும் அழுந்தியே இருந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு டேப் கிழியும் சத்தம். "புதுசுல்ல, ஆசையா எரியுது." பாயின் சிரிப்பு. "வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடறேன்." அம்சவல்லியின் குரல். அப்புறம் நோட்டில் எழுதுகோல் உரசும் ஓசை. எழுதுகோல் தரையில் விழும் ஓசை. கடைசியாக யாரோ மூச்சுத் திணறும் ஓசை. அது அவனுடையது. இப்போது விடுகிற மூச்சு.

கட்டை மேலே வந்தது.

சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கியது.

பழசிலும் அப்படித்தான். விட்டு விட்டு எரிந்தால் மைக் திறந்திருக்கிறது. அடுத்துக் கேட்பதைப் பதிந்துகொள்ளும். உள்ளே இருப்பது வெளியே போய்விடும்.

இராஜாங்கம் பழசைப் பார்த்தான். அதன் விளக்கு அணைந்திருந்தது. ஐந்து வருஷத்தில் முதல்முறை. அங்கே யாரும் இல்லை.

வாயைப் பொத்திக்கொண்டான். சத்தம் போடக் கூடாது. போட்டால் பிடித்துக்கொள்ளும். கதவுக்குப் போக வேண்டும். காலை எடுத்தான். வரவில்லை. சிமெண்ட் தரை குளிர்ந்து, நெகிழ்ந்து, கணுக்கால்வரை வாங்கிக்கொண்டது. இன்னொரு காலை ஊன்றினான். அதுவும் போயிற்று. பாதத்தின் கீழே நாற்றுகள் நசுங்கின. புதுச் சேற்றின் வாடை. பின்னால், அறையின் மூலையிலிருந்து, மிக மெதுவாக, சளக்.

சளக்.

வாசலில் இரும்புக் கேட்டுத் திறந்தது. வளையல் சத்தம். குடையை உதறும் சத்தம். அவள்தான். வந்துவிட்டாள். பத்தடியில் இருக்கிறாள். ஒரு கதவுக்கு அந்தப்பக்கம்.

பொறுக்க முடியவில்லை.

"அம்சா!"

முழுப் பலத்தோடு கத்தினான். ஒன்றரை விநாடி. வெட்டி எறிந்ததுபோல் நின்றது. வாய் திறந்தே இருந்தது. நாக்கு அசைந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை.

சிவப்பு விளக்கு சீராக எரிந்தது.

வெளியே அவள் நின்றுவிட்டாள். காது கொடுத்துக் கேட்பது தெரிந்தது. இங்கே, கதவை நோக்கி, வா. கைகளால் மேசையை அறைந்தான். மேசையும் சேறாயிருந்தது. அறைந்த கை சத்தமின்றி அமிழ்ந்தது.

மேசை விளிம்பில் இன்னொரு கை இருந்தது. கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் குத்தி நின்ற கை. விரல் நகங்களுக்கிடையே பச்சை நாற்று. அது நிதானமாகக் கட்டைகளைத் தடவியது. எது எது எங்கே என்று தெரிந்துகொள்வது போல. போன இடமெல்லாம் சேறு படிந்தது. ஒரு கட்டையில் நின்றது.

கட்டை இறங்கியது.

"அம்சா!"

அவன் குரல்தான். ஆனால் இந்த அறையில் கேட்கவில்லை. வயலுக்கு அப்பால், ஊரின் அடுத்த கோடியில் கேட்டது.

"என்னங்க?" வாசலில் அம்சவல்லியின் குரல் பதறியது. "மதகடியிலயா இருக்கீங்க? இந்த மழையில அங்க என்ன பண்றீங்க? இருங்க, வரேன்!" டார்ச் விளக்கின் வட்டம் சன்னலைக் கடந்தது. வரப்பில் ஏறியது. வடக்கே திரும்பியது. அவள் குரல் கேட்டு, "யாரும்மா கூப்பிட்டது? இராஜாங்கமா?" என்று தெருவிலிருந்து நாலைந்து பேர் கிளம்பினார்கள். அவர்களும் வடக்கே ஓடினார்கள். மழைக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாய்ச் சின்னதாகிக்கொண்டே போயின.

அவனுக்குப் பின்னால் இரும்புச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. முழங்கால் அமிழ்ந்தது. இடுப்பு.

கட்டை இறங்கியது. அவன் வாய் திறந்தது. உள்ளே சேறு போயிற்று.

மதகடியிலிருந்து அவன் குரல் கேட்டது.